விரல் வெளுத்தால் இதயத்தையும் பாருங்கள்

மார்கழி, தை மாதங்களில் ஊட்டியை அடுத்த தலைகுந்தா, காந்தல் பக்கங்களில் விடிகாலைப் புல்வெளி உறைபனியால் வெள்ளையாகக் கிடக்கும். வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொடும். சில நாள் அதற்கும் கீழே இறங்கும். அந்த நேரத்தில் குழாய்த் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கிற, கேரட் கழுவுகிற, பனி சொட்டும் செடியில் கொழுந்து பறிக்கிற கைகள் விறைத்துப் போவதில் ஆச்சரியம் இல்லை. மலையில் பிறந்து வளர்ந்தவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதும் இல்லை. "பனிக்கு அப்படித்தான் இருக்கும்" என்று அடுப்படியில் கையைக் காட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

பெரும்பாலானவர்களுக்கு அது சரியான முடிவுதான். ஆனால் சிலருக்கு விரல் விறைப்பதோடு நிற்பதில்லை, நிறம் மாறுகிறது. ஒன்றிரண்டு விரல்கள் நுனியிலிருந்து கணு வரை வெளுத்துப் போகும். வெளுத்த இடமும் வெளுக்காத இடமும் பிரிகிற எல்லை பளிச்சென்று தெரியும். கொஞ்ச நேரத்தில் நீலம் பாரிக்கும். சூடு பட்டதும் சிவந்து, குத்தலும் எரிச்சலுமாக வலிக்கும். நம்முடைய மாநிறத்திலும் கறுத்த நிறத்திலும் இந்த வெளுப்பு சாம்பல் பூத்த மாதிரிதான் தெரியும் என்பதால், உள்ளங்கைப் பக்கத்தையும் நகத்தையும் பார்ப்பது நல்லது. மாரிஸ் ரேனாட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862இல் தன் ஆய்வேட்டில் இதை விவரித்தார். இன்றும் அவர் பெயரால் ரேனாட் நிகழ்வு என்றே மருத்துவர்கள் இதைச் சொல்கிறார்கள்.

ரேனாட் உள்ள எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை. உலகில் நூற்றில் மூன்று முதல் ஐந்து பேருக்கு இது இருக்கிறது. பெரும்பாலும் பதின்பருவத்துப் பெண்களுக்குத் தொடங்கும், இரண்டு கையிலும் ஒரே மாதிரி வரும், புண் வைக்காது, இரத்தப் பரிசோதனையும் சரியாகவே இருக்கும். இந்த வகை ஆயுள் முழுக்கத் தொந்தரவு தந்தாலும் ஆபத்து தராது. வேறொரு வகை இருக்கிறது. அது முப்பது வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும். காலையில் விரல்கள் வீங்கி மோதிரம் இறுகும். விரல் நுனியில் ஆறாத சின்னப் புண் வரும், அல்லது குழி விழும். விரல் தோல் கிள்ளிப் பிடிக்க முடியாதபடி தடித்துப்போகும். இதில் எது சேர்ந்தாலும் ஸ்கிளிரோடெர்மா என்கிற நோயை நினைக்க வேண்டும். மருத்துவப் புத்தகங்களில் அதன் முழுப்பெயர் சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ். தோலை இறுக்கும் நோய் என்று பலரும் இதை அறிந்திருக்கிறார்கள். உண்மையில் இது இரத்தக்குழாயில் ஆரம்பிக்கிற நோய். தோல் இறுகுவது பிறகு நடப்பது.

இந்தக் கட்டுரை சொல்ல வருவதும் அதுதான். விரலில் உள்ள நுண்ணிய இரத்தக்குழாய்க்கு நேர்வது இதயத்திலும் நுரையீரலிலும் உள்ள நுண்ணிய இரத்தக்குழாய்க்கும் நேரலாம். விரலைக் கண்ணால் பார்க்க முடிகிறது. இதயத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இரத்தக்குழாயின் உள்பக்கம் ஒற்றை அடுக்கு செல்களால் ஆன மெல்லிய படலம் உண்டு. குழாய் எப்போது சுருங்க வேண்டும், எப்போது விரிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்தப் படலம். விரிய வைக்க நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கும். சுருக்க எண்டோதீலின் என்ற பொருளைச் சுரக்கும். எண்டோதீலினை 1988இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். உடல் தானே உண்டாக்கும் இரத்தக்குழாய்ச் சுருக்கிகளில் அதற்கு நிகரான வலிமை உள்ளவை மிகச் சிலவே. ஸ்கிளிரோடெர்மாவில் முதல் அடி விழுவது இந்தப் படலத்தின் மேல். நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி, ஏதோ ஒரு தூண்டுதலில் நம் உடலையே எதிரியாகப் பார்க்கத் தொடங்குகிறது. படலத்தின் செல்கள் காயப்படுகின்றன. நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது, எண்டோதீலின் கூடுகிறது. குழாய் எளிதில் சுருங்குகிறது, விரிய மறுக்கிறது.

காயம் பட்ட இடத்தில் அழற்சி வரும். அழற்சி என்பது உடல் காயத்துக்குக் காட்டும் இயல்பான எதிர்வினை. வெள்ளணுக்கள் அங்கே கூடும், இன்டர்லூகின்-6 போன்ற செய்திப் பொருள்களைக் கக்கும், மற்ற செல்களை உதவிக்குக் கூப்பிடும். கையில் முள் குத்தினால் சிவந்து வீங்கி நாலு நாளில் அடங்கிப் போகிறதே, அது ஆரோக்கியமான அழற்சி. ஸ்கிளிரோடெர்மாவில் அது அடங்குவதில்லை. தொடர்ந்து நடக்கும் அழற்சி, தழும்பை உண்டாக்கும் செல்களை எழுப்பிவிடுகிறது. அவை கொலாஜன் என்ற நார்ப் பொருளை நிறுத்தாமல் நெய்கின்றன. குழாயின் சுவர் உள்ளேயிருந்து தடிக்கிறது, பாதை குறுகுகிறது, கடைசியில் நுண்குழாய்கள் ஒவ்வொன்றாக மறைந்தே போகின்றன. தோலில் நடந்தால் தோல் இறுகும். உணவுக்குழாயில் நடந்தால் விழுங்கச் சிரமம், நெஞ்செரிச்சல். நுரையீரலில் நடந்தால் வறட்டு இருமல், மூச்சிரைப்பு.

இதயத்தில் நடந்தால் என்ன ஆகும்?

நெஞ்சு வலி என்று போனால் முதலில் இ.சி.ஜி., பிறகு தேவைப்பட்டால் ஆஞ்சியோகிராம். பெரிய தமனிகளில் அடைப்பு இல்லை என்றால் "ஹார்ட் நார்மல்" என்று சொல்லி அனுப்புவது வழக்கம். சாதாரண மாரடைப்புக்கு அது பொருந்தும். இந்த நோயில் பொருந்தாது. ஆஞ்சியோகிராம் காட்டுவது மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் நெடுஞ்சாலையை. இங்கே அடைபட்டுக் கிடப்பது தேயிலைச் செடிகளுக்கு நடுவே போகிற ஒற்றையடிப் பாதைகள். சாலை திறந்திருக்கிறது, வண்டியும் ஓடுகிறது, ஆனால் தோட்டத்துக்குள் இருக்கிற வீட்டுக்கு அரிசி போய்ச் சேரவில்லை. இதயத் தசையின் ஒவ்வொரு நாருக்கும் ஆக்சிஜன் கொண்டு சேர்ப்பவை அந்த நுண்குழாய்கள்தாம்.

மலைவாசிகள் குறிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டிய ஆய்வுகள் 1986இல் வெளியாயின. ஸ்கிளிரோடெர்மா நோயாளிகளைக் குளிருக்கு உட்படுத்திவிட்டு, கதிரியக்கத் தாலியம் கொண்டு இதயத்தைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். குளிர் பட்ட நேரத்தில் இதயத் தசையின் சில பகுதிகளுக்கு இரத்த ஓட்டம் குறைந்தது. பிறகு மீண்டும் திரும்பியது. குளிர் பட்டது வெளித்தோலில். சுருங்கியது இதயத்துக்குள் இருக்கும் குழாய். அதே ஆண்டு பிரான்சில் நடந்த இன்னொரு ஆய்வு, குழாயை விரிக்கும் நிஃபெடிபின் மாத்திரையைக் கொடுத்தால் இந்த நோயாளிகளின் இதயத் தசைக்குப் போகும் இரத்த ஓட்டம் மேம்படுவதைக் காட்டியது. இப்படி ஒவ்வொரு முறையும் சுருங்கி, விரிந்து, சுருங்கி வருவதில் இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் சேதமாகிறது. பெரிய தமனி அடைபட்டு வரும் மாரடைப்பில் தசையின் ஒரு பெரிய பகுதி மொத்தமாக இறக்கும். இங்கே தசை முழுக்கத் திட்டுத் திட்டாகத் தழும்பு விழும். பனிக்காலத்தில் நீலகிரியில் வேலை செய்கிற ஒருவருக்கு இந்தச் சுருக்கம் ஒரு நாளில் எத்தனை முறை வரும் என்று யோசித்துப் பாருங்கள். கையுறை போடச் சொல்வது விரலுக்காக மட்டும் சொல்வது இல்லை.

தழும்பு விழுந்த இதயம் முதலில் விரிவதற்குச் சிரமப்படும். இரத்தம் உள்ளே நிரம்ப வேண்டிய நேரத்தில் சுவர் இளகிக் கொடுக்காது. அதன் விளைவு மூச்சு வாங்குதல். தழும்பு இதயத்தின் மின்பாதையில் விழுந்தால் துடிப்பு தாறுமாறாகும்: படபடப்பு, இடையில் ஒரு துடிப்பு விட்டுப்போன உணர்வு, சிலருக்கு மயக்கம். சிலருக்கு அழற்சி நேராக இதயத் தசையையே தாக்கும். கூடவே கை கால் தசைகளிலும் அழற்சி உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். தூக்கிய கையை மேலே வைத்திருக்க முடியவில்லை, உட்கார்ந்தால் எழ முடியவில்லை என்று அவர்கள் சொல்வார்கள். இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் நீர் கோர்ப்பதும் உண்டு. பலருக்கு அது எக்கோ எடுக்கும்போதுதான் தெரியவரும்.

இவற்றோடு நுரையீரல் வழியாக வரும் ஆபத்தும் சேர்கிறது. என் பார்வையில் மலைக்கு இதுதான் மிக முக்கியமானது. இதயத்தின் வலது பக்கம் இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. நுரையீரலின் சிறு தமனிகள் தடித்துக் குறுகினால், அந்த எதிர்ப்பைத் தாண்டித் தள்ள வலது இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். நாம் கையில் பட்டை கட்டி அளக்கும் இரத்த அழுத்தத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. கையில் 120/80 காட்டும்போதே நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கலாம். ஸ்கிளிரோடெர்மா உள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது வருகிறது. நோய் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்து, தோல் பிரச்சினை அடங்கிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போது வருவதுதான் இதில் உள்ள கொடுமை. தோல் விரலோடும் முகத்தோடும் நின்றுவிட்ட, லேசான வகை என்று கருதப்பட்டவர்களுக்கும் வரும்.

காற்றில் ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரலின் தமனிகள் இயல்பாகவே சுருங்கும். இது எல்லா மனிதருக்கும் பொது. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் 1850 மீட்டர் அளவில். ஊட்டியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேல்தான். ஆரோக்கியமான உடல் இதற்குப் பழகிக்கொள்ளும். ஏற்கெனவே நுரையீரல் தமனி குறுகியிருப்பவருக்கு இந்த உயரம் கூடுதல் சுமை. நுரையீரல் தமனி அழுத்த நோயாளிகள் 1500 முதல் 2000 மீட்டருக்கு மேல் ஆக்சிஜன் உதவி இல்லாமல் போவதைத் தவிர்க்க வேண்டும் என்று ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்லியிருக்கின்றன. அது மலைக்குச் சுற்றுலா போகிறவர்களை மனதில் வைத்துச் சொன்னது. நமக்கு அந்த உயரத்தில்தான் வீடு.

இதனால் இரண்டு விஷயங்கள். மேல் சிகிச்சைக்குக் கோயம்புத்தூர் போகிறவர்கள், தாங்கள் எந்த உயரத்தில் வசிக்கிறோம் என்பதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கோவையில் நாற்காலியில் உட்கார வைத்து எடுக்கும் ஆக்சிஜன் அளவும், லவ்டேலில் மேடு ஏறி வீட்டுக்கு வந்ததும் இருக்கும் அளவும் ஒன்றாக இருக்காது. அடுத்தது, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி. ரேனாட் உள்ளவரின் குளிர்ந்த விரலில் இரத்த ஓட்டமே குறைவு என்பதால் அது தவறான அளவைக் காட்டும். கையைச் சூடேற்றிய பிறகோ, காது மடலிலோ நெற்றியிலோ அதற்குரிய கருவியை வைத்தோ பார்க்கச் சொல்லுங்கள். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வந்த கருவி இது. அது காட்டும் எண்ணை நம்பிப் பயப்படுவதும் தவறு, நிம்மதி அடைவதும் தவறு.

மூச்சு வாங்குவதை மலையில் எப்படி அடையாளம் காண்பது? இங்கே எல்லோருமே மேடு ஏறித்தான் வாழ்கிறார்கள். மூச்சு வாங்கினால் வயது என்பார்கள், இரத்தசோகை என்பார்கள், உடம்பு கனத்துவிட்டது என்பார்கள். அதனால் மற்றவரோடு ஒப்பிட வேண்டாம். போன வருடத்து உங்களோடு ஒப்பிடுங்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரைக்கும், லைன் வீட்டிலிருந்து எடை போடும் இடம் வரைக்கும், நீங்கள் தினமும் ஏறுகிற அதே மேடு இருக்கிறது. போன வருடம் நிற்காமல் ஏறிய இடத்தில் இப்போது இரண்டு முறை நிற்கிறீர்கள் என்றால் அது ஒரு பரிசோதனை முடிவு. மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். மேடு ஏறும்போது தலை சுற்றினாலோ, கால் வீங்கினாலோ, மயங்கி விழுந்தாலோ நாள் தள்ளக் கூடாது.

ஐரோப்பாவின் பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து ஏறத்தாழ 5800 ஸ்கிளிரோடெர்மா நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி 2010இல் வெளியிட்டன. இந்த நோயாலேயே இறந்தவர்களில் 26 சதவீதம் பேர் நுரையீரல் தமனி அழுத்தத்தாலும், இன்னொரு 26 சதவீதம் பேர் இதயம் செயலிழந்தோ துடிப்பு தடுமாறியோ இறந்திருந்தார்கள். நுரையீரல் தழும்பு 35 சதவீதம். பாதிக்கு மேற்பட்ட மரணங்கள் இதயம், இதயத்தோடு இணைந்த குழாய்கள் என்கிற இடத்தில் நடந்திருக்கின்றன. தோல் மருத்துவரிடம் களிம்பு வாங்கிக்கொண்டே வருடங்களைக் கழிப்பது ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இனி, சாதாரணமாக நாம் மாரடைப்பு என்று சொல்வதும் இவர்களுக்கு அதிகமாக வருகிறதா? பிரிட்டனின் குடும்ப மருத்துவப் பதிவுகளைக் கொண்டு 2013இல் வெளியான ஆய்வில், ஸ்கிளிரோடெர்மா உள்ளவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ 1.8 மடங்கும், பக்கவாத ஆபத்து இரண்டரை மடங்குக்கும் மேலும் இருந்தது. கொழுப்பும் சர்க்கரையும் சிகரெட்டும் மட்டும் இதை விளக்கிவிடுவதில்லை. தமனியின் உள்ளே கொழுப்புத் திட்டு சேர்வதே ஓர் அழற்சி வேலைதான். படலம் காயப்பட்டிருக்கிற, அழற்சி அடங்காத உடலில் அந்த வேலை வேகமாக நடக்கும்.

அழற்சியை மட்டும் குறைத்தால் மாரடைப்பு குறையுமா என்ற கேள்விக்கு 2017இல் விடை கிடைத்தது. மாரடைப்பிலிருந்து பிழைத்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நடத்திய ஆய்வில், கனகினுமாப் என்ற மருந்து கொலஸ்ட்ராலைத் தொடாமலே, அழற்சியை மட்டும் தணித்து, மறுபடி மாரடைப்பு வருவதைக் குறைத்தது. விலை அதிகம், தொற்று ஆபத்தும் உண்டு என்பதால் அது நடைமுறைக்கு வரவில்லை. அதற்குப் பிறகு கவனம் திரும்பிய மருந்து நமக்கு நெருக்கமான ஒன்று: கால்சிசின். நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் பொருள் அது. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் அந்த விதைக்காகவே காந்தளைச் சாகுபடி செய்கிறார்கள். தினம் அரை மில்லிகிராம் கால்சிசின் நாள்பட்ட இதயத் தமனி நோயாளிகளுக்குப் பலன் தருவதாக 2020இல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. 2023இல் அமெரிக்கா அதற்கு அனுமதியும் கொடுத்தது. 2024இல் வந்த இன்னொரு பெரிய ஆய்வில், மாரடைப்பு வந்த உடனேயே ஆரம்பித்தவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. ஸ்கிளிரோடெர்மா இதயத்துக்கான சிகிச்சையாக இது ஏற்கப்படவும் இல்லை. செடியாகச் சாப்பிட்டால் காந்தள் கொடிய நஞ்சு. கிழங்கு தின்று உயிர் போனவர்கள் உண்டு. நாட்டு மருந்து என்று யாரும் அதைத் தொட வேண்டாம்.

நோயைக் கண்டுபிடிக்கும் வழிக்கு வருகிறேன். முதல் சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். நகமும் சதையும் சேரும் நகக்கண்ணில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, உருப்பெருக்கியால் பார்த்தால் நுண்குழாய்கள் தெரியும். ஆரோக்கியமான நகக்கண்ணில் மெல்லிய கொண்டை ஊசி வடிவக் குழாய்கள் வரிசையாக இருக்கும். இந்த நோயில் சில குழாய்கள் பூதாகரமாக வீங்கியிருக்கும், நடுவே வெற்றிடங்கள் இருக்கும், சிறு இரத்தக் கசிவும் தெரியும். தோல் மருத்துவர்கள் வைத்திருக்கும் டெர்மாஸ்கோப் போதும். அடுத்தது ஏ.என்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை. ஸ்கிளிரோடெர்மா உள்ளவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு அது பாசிட்டிவாக வரும். பாசிட்டிவ் என்றாலே நோய் என்று அர்த்தம் இல்லை. அறிகுறியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அதற்கும் மேல் சென்ட்ரோமியர், எஸ்.சி.எல்-70 போன்ற எதிரணுக்களைத் தேடுவார்கள். சென்ட்ரோமியர் இருந்தால் நுரையீரல் தமனி அழுத்தத்தைக் கூர்ந்து கவனிக்க வேண்டும், எஸ்.சி.எல்-70 இருந்தால் நுரையீரல் தழும்பை.

நம் ஊரில் இன்னொரு குழப்பமும் நடக்கிறது. கறுத்த தோலில் ஸ்கிளிரோடெர்மா வெள்ளையும் கறுப்புமாகப் புள்ளி புள்ளியான நிறமாற்றத்தை உண்டாக்கும். விரல் நுனி தேய்ந்து குறுகும். இரண்டையும் பார்த்து வெண்புள்ளி என்றும் தொழுநோய் என்றும் நினைத்துவிடுகிறார்கள். பயத்தில் கையை மறைத்துக்கொண்டு வீட்டோடு இருந்துவிடும் பெண்கள் உண்டு. இந்த நோய் தொற்றாது. இந்தக் கையால் சமைக்கலாம், பிள்ளையைத் தூக்கலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கே பல மடங்கு அதிகமாக, முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் வருகிறது என்பதால் குடும்பத்தார் இதைப் புரிந்துகொள்வது மிக அவசியம்.

நோய் உறுதியானால், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், வருடம் ஒரு முறை இதயத்தைப் பார்க்க வேண்டும். எக்கோ, இ.சி.ஜி., நுரையீரல் எவ்வளவு வாயுவை இரத்தத்துக்குக் கடத்துகிறது என்று பார்க்கும் ஊதும் பரிசோதனை, இதயத்தின் சுமையைக் காட்டும் என்.டி-புரோ பி.என்.பி. என்ற இரத்தப் பரிசோதனை. படபடப்பு இருந்தால் 24 மணி நேரமும் துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவி. நுரையீரல் தமனி அழுத்தம் இருக்கலாம் என்று எக்கோ சந்தேகம் எழுப்பினால், வலது இதயத்துக்குள் சிறு குழாய் செலுத்தி அளந்துதான் உறுதி செய்ய முடியும். எக்கோவை மட்டும் நம்பி மருந்து தொடங்குவதும் சரியில்லை, பயந்து விட்டுவிடுவதும் சரியில்லை. இதயத் தசையில் அழற்சியா தழும்பா என்று பிரித்துக் காட்ட எம்.ஆர்.ஐ. உதவும்.

இத்தனையும் மலையிலேயே கிடைக்குமா? 2021-22இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரிக்கு, 700 படுக்கை கொண்ட மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு சின்ன சிக்கலுக்கும் கோவைக்கு இறங்க வேண்டியிருந்ததை நினைத்தால் இது பெரிய மாற்றம். ஸ்கிளிரோடெர்மா போன்ற நோய்களைப் பார்க்கும் தனித்துறை மருத்துவம் ருமட்டாலஜி. சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் அதற்கென்றே துறைகள் பல காலமாக இயங்குகின்றன. முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள், எந்தப் பரிசோதனை அதில் அடங்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்துகள் பற்றிச் சொல்லும்போது நம்பிக்கையோடு சொல்ல முடிகிறது. ரேனாட்டுக்கு நிஃபெடிபின், அம்லோடிபின் போன்ற, பரவலாகக் கிடைக்கும், விலை குறைந்த மாத்திரைகளே முதல் மருந்து. புண் ஆறாவிட்டால் சில்டெனாஃபில். நுரையீரல் தமனி அழுத்தத்துக்கு, எண்டோதீலினைத் தடுக்கும் போசென்டான், ஆம்ப்ரிசென்டான் போன்றவையும், நைட்ரிக் ஆக்சைடின் வேலையைத் தூக்கிக் கொடுக்கும் சில்டெனாஃபில், டடலாஃபில் போன்றவையும் உண்டு. ஆம்ப்ரிசென்டானையும் டடலாஃபிலையும் தொடக்கத்திலேயே சேர்த்துக் கொடுத்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று 2015இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அழற்சியைக் குறைக்க மைக்கோஃபினோலேட் தருகிறார்கள். இன்டர்லூகின்-6ஐத் தடுக்கும் டோசிலிசுமாபுக்கு, இந்த நோயால் வரும் நுரையீரல் பாதிப்புக்காக 2021இல் அமெரிக்கா அனுமதி அளித்தது.

எதை எடுக்கக் கூடாது என்பதும் அதே அளவு முக்கியம். இரத்த அழுத்தத்துக்கும் தைராய்டு படபடப்புக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் ப்ரொப்ரனலால் போன்ற பீட்டா தடுப்பு மாத்திரைகள் விரல் வெளுப்பைக் கூட்டலாம். மூக்கடைப்புக்கு வாங்கும் சில சளி மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபெட்ரின் இரத்தக்குழாயைச் சுருக்கும். ஒற்றைத் தலைவலிக்கான எர்காட் வகை மருந்துகளும் அப்படியே. நீங்களாக நிறுத்த வேண்டாம். விரல் வெளுப்பதை மருந்து எழுதுகிறவரிடம் சொல்லி மாற்றுக் கேளுங்கள். மூட்டு வலிக்கென்று மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு இந்த நோயில் பெரிய அபாயம். அதிக அளவு ஸ்டீராய்டு, சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் திடீரென்று சுருங்கும் நெருக்கடியைத் தூண்டலாம். அப்போது தலைவலி, பார்வை மங்கல், ஒரே நாளில் எகிறும் இரத்த அழுத்தம் வரும். அந்த நெருக்கடி ஒரு காலத்தில் ஏறத்தாழ மரண தண்டனை. கேப்டோபிரில் வகை மருந்துகள் வந்தபின், 1990இல் வெளியான ஓர் ஆய்வில், அவற்றைப் பெற்றவர்களில் 76 சதவீதம் பேர் ஓராண்டைக் கடந்து வாழ்ந்தார்கள். பெறாதவர்களில் 15 சதவீதம் பேர் மட்டுமே. ஸ்கிளிரோடெர்மா உள்ளவர் வீட்டில் ஒரு பி.பி. கருவி இருப்பது நல்ல செலவு.

வேலை செய்யும் இடத்தில் செய்யக்கூடியவை உண்டு. கையை மட்டும் மூடினால் போதாது. நெஞ்சும் தலையும் கழுத்தும் சூடாக இருந்தால்தான் உடல் விரலுக்கு இரத்தத்தை அனுப்பும். கொழுந்து பறிக்கும்போது நனைந்த கையுறையை மாற்ற, காய்ந்த இன்னொரு ஜோடி பையில் இருக்கட்டும். விறைத்த கையை நேராகக் கொதிநீரிலோ கணப்பிலோ நீட்டாதீர்கள். மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரே போதும். பீடி, சிகரெட், புகையிலை போட்ட வெற்றிலை எல்லாமே குழாயைச் சுருக்கும். ஆள் பற்றாக்குறையால் தோட்டங்களில் இப்போது பறிக்கும் இயந்திரங்கள் கூடிவருகின்றன; நாள் முழுக்க அதிரும் கருவியைப் பிடிப்பதே தனியாக ரேனாட்டை உண்டாக்கும் என்பதால், விரல் வெளுப்பவர்களுக்கு அந்த வேலையைக் கொடுக்கக் கூடாது.

ஒரு வேண்டுகோள் தோட்ட நிர்வாகங்களுக்கு. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியையும் குடியிருப்பையும் உங்கள் கடமையாக வைத்தது. நுரையீரல் தமனி அழுத்தம் வந்த ஒரு பெண்ணிடம் "கீழே போய் இருங்கள்" என்று மருத்துவர் சொன்னால், வேலையோடு வீடும் போய்விடும் என்ற பயத்தில் அவர் சொல்லாமல் மறைப்பார். பனிக்காலத்தில் வெயில் ஏறிய பிறகு வேலை, தொழிற்சாலைக்குள் இதமான இடத்தில் வேலை, வீட்டுக்கு உத்தரவாதம் ஆகியவை உங்களால் முடிந்தவை. சட்டத்தின் நிழலே படாத ஆயிரக்கணக்கான சிறு தேயிலை விவசாயிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையமே கதி.

அதனால் இன்னொரு வேண்டுகோள் அங்கே பணிபுரியும் செவிலியர்களுக்கும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகிறவர்களுக்கும். பி.பி. பட்டை கட்டும்போது அந்தக் கையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். "குளிருக்கு விரல் வெளுக்குதாம்மா? போன வருஷம் ஏறின மேடு இந்த வருஷம் ஏற முடியுதா?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். முதல் கேள்விக்கு ஆமாம், இரண்டாவதற்கு இல்லை என்று பதில் வந்தால், அந்த அம்மாவை எக்கோ எடுக்க அனுப்பி வையுங்கள்.